ஒரே இடத்தில் மாற்றினால் போதும்

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, இருநூற்றுப் பதினான்கு சோதனைகளில் இருநூற்றுப் பன்னிரண்டு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன. மீதி இரண்டும் ஏன் பச்சையாக இருக்கின்றன என்பதுதான் யோர்டிஸுக்குக் கூடுதல் கவலை.

நொர்ஷோப்பிங் நகரத்தில், ஆற்றங்கரையில், முன்பு நூற்பாலையாக இருந்த கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் ஆறு பேர் நடத்தும் கம்பெனி அது. அடுக்குமாடி வீடுகளின் அடித்தளத்தில் இருக்கும் பொதுச் சலவை அறையில் யார், என்றைக்கு, எத்தனை மணிக்குத் துவைப்பது என்று கம்ப்யூட்டரில் முறை எடுத்துக்கொள்ள ஒரு தளம் செய்து விற்றார்கள். வேறு சரக்கு கிடையாது. அந்தத் தளத்தைச் சோதிப்பது யோர்டிஸின் வேலை. அவள் எழுதி வைத்த நிரல்கள் தாமாகவே பிரௌசரைத் திறந்து, பெயரைத் தட்டி, நாளைத் தேர்ந்து, பொத்தானை அழுத்தி, முறை கிடைத்ததா என்று பார்க்கும். கிடைத்தால் சுவரில் மாட்டியிருக்கும் பெரிய திரையில் ஒரு பச்சைக் கட்டம். இல்லாவிட்டால் சிவப்பு.

"மெல்கெர், வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதையாவது தொட்டியா?"

தளத்தை எழுதுகிற மெல்கெர் காதிலிருந்த ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றினான். "பெருசா ஒண்ணும் இல்லையே. 'பதிவு செய்'னு இருந்த பட்டனை 'எடுத்துக்கொள்'னு மாத்தினேன். அன்பா இருக்கட்டுமேன்னு."

"அந்தப் பட்டன் பேரை நான் இருநூத்துப் பன்னெண்டு இடத்துல எழுதி வெச்சிருக்கேன்."

"ஒவ்வொரு சோதனையிலயும் தனித்தனியாவா?"

"ஆமா."

"நாலு வருஷமாவா?"

நாற்பத்தேழு வயதில், காலை எட்டரைக்கு, அந்தக் கேள்வியை யோர்டிஸ் எதிர்பார்க்கவில்லை.

"பேஜ் ஆப்ஜெக்ட்னு ஒண்ணு இருக்குங்க," என்றான் மெல்கெர். நோயாளியிடம் பேசும் குரல். "ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு காரியதரிசி மாதிரி. பட்டன் எங்க இருக்கு, அதுக்குப் பேர் என்னன்னு அவருக்கு மட்டும் தெரிஞ்சா போதும். உங்க சோதனைங்க அவர்கிட்ட 'செவ்வாய்க்கிழமைக்கு ஒரு முறை எடுப்பா'ன்னு மட்டும் சொல்லணும். நான் நாளைக்கே பட்டனை மாத்தினாலும் நீங்க ஒரே இடத்துல மாத்தினா போதும், எல்லா இடத்துலயும் மாறிடும்."

"நாளைக்கு மறுபடியும் மாத்தப் போறியா?"

"பேச்சுக்குச் சொன்னேன்."

அப்போது முதலாளி ரூட்கெர் உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"யோர்டிஸ், வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு அவங்க வராங்க. ஆயிரத்து எண்ணூறு வீடு வெச்சிருக்கிற கம்பெனி. கையெழுத்துப் போட்டாங்கன்னா நாம இருப்போம். போடலைன்னா ஜனவரியிலேருந்து இந்த மாடில யோகா வகுப்பு. அந்த யோகா டீச்சரம்மா ஏற்கெனவே வந்து அளவெடுத்துட்டுப் போயிட்டாங்க."

"பச்சையாயிடும்."

"எனக்கு ஒண்ணும் புரியாதுன்னு உனக்கே தெரியும். பச்சைன்னா மட்டும் புரியும்."

அன்றும் மறுநாளும் யோர்டிஸ் தலை நிமிரவில்லை. முறை எடுக்கும் பக்கத்துக்கு ஒரு காரியதரிசி, உள்ளே நுழையும் பக்கத்துக்கு ஒன்று, ரத்து செய்யும் பக்கத்துக்கு ஒன்று, அண்டை வீட்டார் மேல் புகார் அனுப்பும் பக்கத்துக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் பொதுவாக மேலே ஒரு தாய்ப் பக்கம். தளத்தின் முகவரி அதில் மட்டும். இருநூற்றுப் பதினான்கு இடங்களில் சிதறிக் கிடந்ததெல்லாம் ஒவ்வொன்றும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தபோது, பரணைச் சுத்தம் செய்து முடித்தது போன்ற ஒரு நிம்மதி அவளுக்கு உண்டாயிற்று. நாலு வருஷத்தில் இப்படி உண்டானதில்லை.

செவ்வாய் மாலை மூன்று மணிக்கு ஓட்டினாள். இருநூற்றுப் பதினான்கும் பச்சை.

ரூட்கெர் தானே போய் ஏலக்காய் பன் வாங்கி வந்தார். "இது ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தானா ஓடட்டும். வியாழக்கிழமை வரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க," என்றார்.

யோர்டிஸ் டிராம் பிடித்து வீட்டுக்குப் போனாள். லிஃப்ட் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

"சலவை அறை எல்லாருக்கும் பொதுவானது. யார் செய்தது என்று செய்தவருக்குத் தெரியும்."

பதினெட்டு வீடுகள் கொண்ட கட்டிடம். இந்த மாதிரித் தாள்கள் புதிதில்லை. யோர்டிஸின் குளியலறையிலேயே ஒரு சின்ன துவைக்கும் இயந்திரம் இருந்தது. அடித்தளத்துச் சலவை அறைப் பக்கம் அவள் போனதே இல்லை. யாரோ பாவம் மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்தபடி மூன்றாம் மாடிக்குப் பொத்தானை அழுத்தினாள்.

லிஃப்ட் இரண்டாம் மாடியைத் தாண்டும்போது அவளுக்குத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது.

தன் கம்பெனித் தளத்தை இந்தக் கட்டிடத்துக்குச் சிபாரிசு செய்து வாங்க வைத்ததே அவள்தான். திங்கட்கிழமை, பழைய பொத்தான் எப்படி இருந்தது என்று பார்ப்பதற்காக, மெல்கெரின் புது மாற்றம் இன்னும் போய்ச் சேராத ஒரு நிஜக் கட்டிடத்தின் பக்கத்தைத் திறந்தாள். கைக்கு வந்தது சொந்தக் கட்டிடம். பொத்தானின் பெயரை அங்கிருந்துதான் எடுத்தாள். முகவரியையும்?

கோட்டோடு சமையலறை மேஜையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள்.

சோதனைகள் ஓட வேண்டியது கம்பெனியின் பயிற்சி வீட்டில். இல்லாத தெருவில் இல்லாத ஜனங்கள் குடியிருக்கும், யாருக்கும் வலிக்காத வீடு அது. தாய்ப் பக்கத்தில் இருந்ததோ அவள் சொந்தக் கட்டிடத்துத் தளத்தின் முகவரி. கட்டிடத்தின் நாட்காட்டி திறந்தது. நாளை காலை ஏழு மணியிலிருந்து பிப்ரவரி கடைசி வரை, ஒரு மணி நேரம் விடாமல், ஞாயிறு, கிறிஸ்மஸ் உட்பட, எல்லா முறையும் ஒரே பெயரில், சோதனைகள் உள்ளே நுழையும் பெயரில், இருந்தது.

யோர்டிஸ் ரென்க்விஸ்ட். மூன்றாம் மாடி, இடது.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கே ஆபீசில் இருந்தாள். ஒரே இடத்தில்தானே மாற்ற வேண்டும். தாய்ப் பக்கத்தில் பயிற்சி வீட்டின் முகவரியைப் போட்டு ஓட்டினாள்.

இருநூற்றுப் பதினான்கு சிவப்பு. 'இந்த முகவரியில் எதுவும் இல்லை' என்றது.

மெல்கெருக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. செய்தி மட்டும் வந்தது: குழந்தைக்குக் காய்ச்சல், நாளைக்குப் பார்க்கலாம்.

பின்னால் காபிக் கோப்பையோடு ரூட்கெர் நின்றார். "நேத்து பச்சையா இருந்துச்சே."

"இப்ப ஆயிடும்."

"எதையும் தொடாதீங்கன்னு சொன்னேன்ல?"

"சும்மா ஒண்ணு பார்த்தேன்."

"யோர்டிஸ்," என்றார் அவர். குரல் தணிந்துபோயிருந்தது. "ராத்திரி தூக்கமே இல்ல. ஆறு குடும்பம். உன்கிட்ட கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான்."

அவர் தன் இடத்துக்குப் போகும்வரை காத்திருந்து, யோர்டிஸ் பழைய முகவரியைத் திரும்பப் போட்டாள். சுவர் பச்சையாயிற்று. இதைத் தெரிந்தே செய்தேன் என்ற எண்ணம் அன்று முழுக்க அவளை விடவில்லை. ஆறு குடும்பமா, பதினெட்டு வீட்டின் அழுக்குத் துணியா? வியாழக்கிழமை ரெண்டு மணி வரைக்கும்தானே.

ஆனால் தன் பெயராவது வெளியே வர வேண்டும். உள்ளே நுழையும் பக்கத்தின் காரியதரிசியிடம், ஒவ்வொரு தடவையும் குடியிருப்போர் பட்டியலிலிருந்து ஒரு பெயரைக் குலுக்கி எடுக்கச் சொன்னாள். கம்பெனியின் பொதுக் கடவுச்சொல் அவளிடம் இருந்தது. யார் பெயரிலும் நுழையலாம். தன் பெயரில் இருந்ததை எல்லாம் துடைத்தாள். இனிமேல் ஆளாளுக்குக் கொஞ்சம் முறை கிடைக்கும். ஒரு வகையில் நியாயம்கூட என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

மத்தியானம் நாட்காட்டியைப் பார்த்தாள். தரைத்தளத்தில் தனியாக இருக்கும் எண்பத்து நான்கு வயது இங்கெகெர்ட் அம்மாளுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது முறை விழுந்திருந்தது. முதல் முறை காலை ஏழு மணிக்கு.

மாலை லிஃப்ட்டில், அதே தாளின் கீழே வேறு வேறு கையெழுத்துகள் சேர்ந்திருந்தன.

"நான் இல்லை."

"அப்புறம் யார்? ஆவியா?"

"எனக்கு முன்னால் முறை யாருடையது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்."

இரண்டாம் மாடிப் படிக்கட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். யோர்டிஸ் கீழேயே லிஃப்ட் கதவை மூடவிடாமல் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நாலாவது தடவைங்க இது. பார்த்ததுமே எனக்கு உடம்பெல்லாம் எரியுது."

"மனுஷங்களா இவங்க. சின்ன விஷயம். அடுத்தவங்க வருவாங்களேன்னு ஒரு நெனப்பு இருக்க வேண்டாமா?"

"சங்கப் பொருளாளர் சாண்டெலின்கிட்ட சொல்லிட்டேன். கூட்டம் போடச் சொல்லி."

யோர்டிஸ் கதவை மூடி, மேலே போய், இரவுச் சாப்பாடாகக் காய்ந்த ரொட்டி ஒன்றை நின்றபடியே தின்றாள். பிறகு மடிக்கணினியைத் திறந்தாள். முறை எடுத்ததும் உடனே ரத்தாகிவிட்டால் யாருக்கும் தொல்லை இல்லை. சோதனையும் ஓடும், நாட்காட்டியும் காலியாக இருக்கும். இது ஏன் காலையிலேயே தோன்றவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ரத்து செய்யும்போது 'நிச்சயமா?' என்று ஒரு சின்னப் பெட்டி எழும். அதில் 'ஆம்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அந்தப் பெட்டி தளத்தில் பல இடங்களில் வருவது. ஆகவே அதற்கென்று ஒரே ஒரு பொதுக் காரியதரிசியை எழுதி, ஒரே இடத்தில் வைத்திருந்தாள். இதுவரை அவர் எப்போதும் 'வேண்டாம்' என்று அழுத்தி வந்தார். இப்போது 'ஆம்' என்று மாற்றினாள்.

எல்லா இடத்திலும் மாறியது.

வியாழக்கிழமை காலை அவள் பார்த்தபோது, எடுத்த முறைகளில் பாதி ரத்தாகியிருந்தது. ஆனால் புகார் அனுப்பும் பக்கத்திலும் அதே 'நிச்சயமா?' பெட்டிதான். நாலு வருஷமாக அந்தச் சோதனை புகாரை எழுதி, கடைசி நிமிஷத்தில் 'வேண்டாம்' சொல்லி வந்தது. ராத்திரி முழுக்க 'ஆம்' சொல்லியிருக்கிறது. குடியிருப்போர் சங்கத் தலைவரின் மின்னஞ்சல் முகவரிக்கு, பதினெட்டு வீட்டார் பெயரிலும் மாறி மாறி, முப்பத்தேழு புகார்கள் போயிருந்தன. எல்லாவற்றிலும் அவள் என்றோ அவசரத்தில் தட்டி வைத்த அதே வாசகம்.

"என் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சோதனை."

கிளம்பும்போது லிஃப்ட்டில் பழைய தாளைக் காணோம். புதுத்தாள், அச்சடித்தது. "அவசரக் கூட்டம். இன்று மாலை ஆறு மணி. சைக்கிள் அறை. அனைவரும் வர வேண்டும். சாண்டெலின், பொருளாளர்."

இரண்டு மணிக்கு ஆயிரத்து எண்ணூறு வீட்டுக் கம்பெனியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். சுவர் முழுக்கப் பச்சையாக இருந்தது. ரூட்கெர் அதன் முன்னால் கையை விரித்து நின்றார். அவர்களில் மூத்தவர் அதை மூன்று விநாடி பார்த்தார்.

"ஜன்னல் பெருசா நல்லா இருக்கு. முன்னாடி இது நூல் மில்லா?"

அதன் பிறகு மில்லைப் பற்றியே பேசினார்கள். கிளம்பும்போது, அடுத்த வாரம் கையெழுத்துப் போடலாம் என்றார்கள். ரூட்கெர் கழிவறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

மெல்கெர் மூன்று மணிக்கு வந்தான். யோர்டிஸ் அவன் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"பயிற்சி வீடு எங்கப்பா போச்சு?"

"எங்கயும் போகலையே. செவ்வாய்க்கிழமை வேற சர்வருக்கு மாத்தினேன். முகவரில கடைசி எழுத்து மட்டும் வேற. எல்லாருக்கும் மெயில் போட்டேனே."

யோர்டிஸ் தாய்ப் பக்கத்தில் ஒரு எழுத்தை மாற்றினாள். முறை எடுக்கும் காரியதரிசியிடம் 'எடுத்துக்கொள்' என்று மாற்றினாள். ஓட்டினாள். நான்கு நிமிஷத்தில் இருநூற்றுப் பதினான்கும், இல்லாத வீட்டில், இல்லாத ஜனங்களுக்குப் பச்சையாயின.

"பாத்தீங்களா," என்றான் மெல்கெர். "எவ்வளவு சுலபம்."

அவள் அவனை அடிக்கவில்லை. ஐந்தே கால் மணி வரை சொந்தக் கட்டிடத்தின் நாட்காட்டியைத் துடைக்கப் பார்த்தாள். எந்த முறை மனிதர்கள் எடுத்தது, எது சோதனை எடுத்தது என்று பிரிக்க வழியே இல்லை. எல்லாம் அவர்கள் பெயர்களில்தான் இருந்தது. அப்படியே விட்டுவிட்டு டிராமுக்கு ஓடினாள்.

சைக்கிள் அறையில் பன்னிரண்டு பேர் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பிளாஸ்கில் காபி. சாண்டெலின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, கையிலிருந்த தாளைப் பிரித்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். முதல்ல சலவை அறை விஷயம். இதைச் செய்யறது யாருன்னு—"

"நான்தான்," என்று யோர்டிஸ் எழுந்தாள்.

பன்னிரண்டு தலைகள் திரும்பின.

"உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்க என்னால முடியாதுங்க. நானே சொல்லிடறேன்." பக்கத்திலிருந்த ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். பொத்தான், காரியதரிசிகள், தாய்ப் பக்கம், குலுக்கி எடுத்த பெயர்கள், முப்பத்தேழு புகார்கள். செவ்வாய்க்கிழமையே தெரிந்திருந்தும் கம்பெனிக்காகக் கிட்டத்தட்ட இரண்டு நாள் விட்டுவைத்ததையும் சொன்னாள். "உங்க பேரையெல்லாம் எடுத்து நான் விளையாடிட்டேன். ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட வெச்சுட்டேன். இந்தக் கட்டிடத்துல பதினோரு வருஷமா இருக்கேன். உங்க முகத்துல எப்படி முழிக்கறதுன்னு தெரியல."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் மாடிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் மனைவி முழங்கையால் ஒரு இடி இடித்தாள். இங்கெகெர்ட் அம்மாள் பின்னிக்கொண்டிருந்த சாக்ஸை மடியில் இறக்கி வைத்தாள்.

சாண்டெலின் கண்ணாடியை மறுபடி துடைத்தார். வேண்டியதைவிட அதிக நேரம் துடைத்தார்.

"ம்," என்றார். "அப்போ இதுக்கு ஈடா ஏதாவது செய்யணும்னு உங்களுக்கே தோணுது?"

"என்ன சொன்னாலும் செய்யறேன்."

"என்ன சொன்னாலுமா?"

"என்ன சொன்னாலும்."

"சங்கத் தலைவர் பதவி காலியாத்தான் கெடக்கு. மே மாசம் பழைய தலைவர் வீட்டைக் காலி பண்ணிட்டு ஸ்பெயினுக்குப் போனதுலேருந்து."

ஸ்பெயினில் ஒரு கடற்கரையில் நிழற்குடையின் கீழ் ஒரு மனிதர் முப்பத்தேழு புகார்களைப் படித்துக்கொண்டிருப்பது யோர்டிஸின் கண்ணில் தெரிந்தது. பனிக்காலத்தில் வாசல் பனி அள்ளுவது, கூரை ஒழுகினால் ஆள் பிடிப்பது, இந்தப் பன்னிரண்டு பேரின் சண்டையைத் தீர்ப்பது எல்லாம் இனிமேல் அவள் தலையில். அதற்கும் மேலே என்ன தண்டனை கொடுத்தாலும் தகும் என்று அவளுக்குத் தோன்றியது.

"சரி," என்றாள்.

"ரெண்டு வருஷம்," என்றார் சாண்டெலின்.

"மூணு," என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

"மூணு," என்றாள் யோர்டிஸ்.

பன்னிரண்டு கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. இதுவரை எந்தத் தீர்மானத்துக்கும் அந்தக் கட்டிடத்தில் அப்படிக் கைகள் உயர்ந்ததில்லை. சாண்டெலின் அதை எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கி, தாளை மடித்துச் சட்டையின் உள்பையில் வைத்துப் பொத்தானும் போட்டுக்கொண்டார். அடுத்த இரண்டு நிமிஷத்தில் அறை காலி. சலவை அறை விஷயத்தை யாரும் மறுபடி எடுக்கவில்லை.

யோர்டிஸ் நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்தாள். இங்கெகெர்ட் அம்மாள் மட்டும் நூலைச் சுற்றிக்கொண்டு நிதானமாக எழுந்தாள். யோர்டிஸ் அவளுக்குக் கை கொடுத்தாள்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. ஞாயித்துக்கிழமை உங்க பேர்ல ஒம்பது முறை போட்டிருந்தது. இப்பவே போய் அழிச்சிடறேன். உங்களுக்கு எந்த நாள் வேணும்னு சொல்லுங்க, நானே கம்ப்யூட்டர்ல போட்டுத் தரேன்."

இங்கெகெர்ட் அம்மாள் வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"அந்தக் கம்ப்யூட்டர் முறையை வந்த மூணாவது வாரமே விட்டாச்சே கண்ணு, நாங்கெல்லாம் கீழே நோட்டுலதான் எழுதறோம், இந்தச் சண்டை, காய வைக்கிற மெஷின்ல துணியிலேருந்து சேர்ற பஞ்சை எடுக்காம போறவங்களைப் பத்தி, நீ சொன்னதுல எனக்கு ஒரு வார்த்தை புரியல, ஆனா தலைவரா இருக்க ஒருத்தி தானா வந்து மாட்டினாளேன்னு எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டோம்."